போதகர் கல்வியில் அறிவியலுக்கு இடம்

(கழக வெள்ளிவிழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் கல்வி உதவிக் குழுவில் எழுந்த ஒரு கருத்து வேறுபாடே இவ்வுரைக்குக் காரணம். நம்மவருள் இரண்டு இளைஞர்கள் இறையியல் கல்லூரியில் பயின்று பாப்டிஸ்டுத் திருச்சபையில் போதகராக விரும்பி, கழகத்தின் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தனர். குழுவில் ஒரு சாரார், “மருத்துவம் படிக்கும் பெண்ணுக்கும் பொறியியல் படிக்கும் பையனுக்கும் கொடுக்கவே கையிருப்புப் போதவில்லை, பிரசங்கம் செய்யப் போகிறவருக்கு எங்கிருந்து கொடுப்பது?” என்றனர். மற்றொரு சாரார், “நம் சேரிக்குள் முதன்முதலில் சிலேட்டும் பலப்பமும் கொண்டுவந்தவர் போதகர்தானே? அதை மறக்கலாமா?” என்றனர். இரு சாரார் கூற்றிலும் உண்மை உண்டு. கழகத்தில் கிறித்தவரும் உளர், இந்துக்களும் உளர், பாபாசாகேப் காட்டிய வழியில் பௌத்தம் தழுவியோரும் உளர். ஆதலின் இதனைச் சமயப் பூசலாக்காமல் கல்விப் பொருளாகவே நோக்குவது தக்கது. உதவி அளிக்கலாம் என்பதே நம் கருத்து. ஆனால் போதகர் கல்வியோடு அறிவியல் கல்வியும் சேர்ந்து வரவேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். கேட்பதோடு நில்லாமல் அதற்குக் கைகொடுக்கவும் வேண்டும்.

ஏன் கேட்க வேண்டும்? மருத்துவரை நம் மக்கள் நோய் முற்றிய பின்னரே காண்கின்றனர். வழக்கறிஞரை வழக்கு வந்த பின்னரே காண்கின்றனர். போதகரையோ வாரந்தோறும் காண்கின்றனர். அவர் நம் தெருவிலேயே குடியிருக்கிறார். நம் வீட்டுத் திருமணத்துக்கும் சாவுக்கும் வருகிறார். குழந்தைக்கு இரவில் பேதி கண்டாலும், வயலில் ஒருவரைப் பாம்பு தீண்டினாலும், மகளுக்கு வலிப்பு வந்தாலும் முதலில் ஆள் ஓடுவது போதகர் வீட்டுக்கே. அந்த வேளையில் அவர் சொல்லும் முதற்சொல்லைப் பொறுத்து ஓர் உயிர் நிற்கும், அல்லது போகும். இது மிகைப்படுத்திக் கூறுவதன்று.

நாம் பணியாற்றிய பள்ளியொன்றில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு வலிப்பு நோய் இருந்தது. அரசு மருத்துவமனையில் மாத்திரை கொடுத்தார்கள். ஆறேழு மாதம் வலிப்பே வரவில்லை. பின்னர் அக்குடும்பத்தார் வேற்றூர் ஜெபக்கூட்டம் ஒன்றுக்குச் சென்றனர். அங்கிருந்த ஊழியர் ஒருவர், மாத்திரை விழுங்குவது விசுவாசக் குறைவு என்று கூறிவிட்டார். மாத்திரை நின்றது. மூன்றாம் வாரத்தில் அச்சிறுமி அடுப்பங்கரையில் வலிப்பு வந்து தீயில் விழுந்தாள். உயிர் பிழைத்தாள், வலக்கையின் மூன்று விரல்கள் மடங்கிப் போயின. அவளைத் தூக்கிக்கொண்டு மாவட்ட மருத்துவமனைக்கு ஓடியவரும் ஒரு போதகர்தாம், அவ்வூர்ப் போதகர். அறுவைச் சிகிச்சை நடக்கும்போது வெளியே நின்று ஜெபித்தவரும் அவரே. மறுபடியும் மாத்திரை தொடங்கும்படி தாயிடம் மன்றாடியவரும் அவரே. ஒரே வேதபுத்தகத்தைக் கையில் வைத்திருந்த இருவர் அவர்கள். ஒருவருக்கு மூளையின் இயல்பு பற்றிச் சிறிது தெரிந்திருந்தது, மற்றவருக்குத் தெரியவில்லை. அவர்களுக்குள் இருந்த வேற்றுமை அவ்வளவே.

தமிழ் வேதாகமத்தில் மத்தேயு 17-ஆம் அதிகாரத்தில் ‘சந்திரரோகி’ என்னும் சொல் வருகிறது. அப்பகுதியைப் பிரசங்கிக்கும் போதகர் ஒருவர், வலிப்பு என்பது மூளை நரம்பணுக்களில் திடீரென மின்துடிப்பு மிகுவதால் வருவது என்பதையும், ஒழுங்காக மருந்து உண்டால் பத்துப் பேரில் ஏழு பேர் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்பதையும் அறிந்து பேசினால் கேட்கும் மக்களுக்கு எத்துணைப் பயன்! அறியாது பேசினால் எத்துணைக் கேடு!

சமயமும் அறிவியலும் ஒரு கூரையின்கீழ் இருந்தது நம் நாட்டுக்குப் புதிதன்று. பாப்டிஸ்டுகளின் வரலாற்றிலேயே அதற்கு முன்னோடி உண்டு. இளைஞர்களுள் பலர் அதனை அறியார். வங்காளத்தில் ஹூக்ளி ஆற்றங்கரையில் உள்ள செராம்பூர் அப்பொழுது டென்மார்க்கு நாட்டின் ஆட்சியில் இருந்தது. அங்கு 1800-இல் வில்லியம் கேரி வந்து சேர்ந்தார். அவர் யார்? இங்கிலாந்தில் செருப்புத் தைத்தவர். தம் கடைச் சுவரில் தாமே வரைந்த உலகப்படத்தைத் தொங்கவிட்டுத் தோலைத் தைத்துக்கொண்டே நாடுகளின் பெயர்களைப் படித்தவர். பிற்காலத்தில் கவர்னர் ஜெனரலின் விருந்தொன்றில் ஓர் அதிகாரி அவரை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு, இவர் முன்பு செருப்புச் செய்பவர் அல்லவா என்று பிறர் கேட்கும்படி வினவியதாகவும், புதுச் செருப்புச் செய்பவன்கூட அல்லன், கிழிந்ததைத் தைப்பவனே என்று கேரி விடையிறுத்ததாகவும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். தோல் தொழிலை இழிவென்று நம் முன்னோர்மீது சுமத்திய இந்நாட்டில், இந்தியத் தாவர நூலின் பெரும் பதிப்பாசிரியருள் ஒருவர் அத்தொழிலில் இருந்து வந்தவர் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். டாக்டர் ராக்ஸ்பர்க் எழுதி வைத்துச் சென்ற ‘ஃபுளோரா இண்டிகா’ என்னும் நூலைக் கேரி பதிப்பித்தார். 1832-இல் அது மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. 1820-இல் வேளாண்மைக்கும் தோட்டக்கலைக்கும் ஒரு சங்கத்தை நிறுவினார். ‘கேரியா’ என்று ஒரு மர இனத்துக்கே அவர் பெயர் இடப்பட்டுள்ளது.

அந்தப் பாப்டிஸ்டு மிஷனின் முதல் வங்காளி உறுப்பினர் கிருஷ்ண பால் என்னும் தச்சர். அவர் எவ்வாறு வந்தார் என்பதே நம் பொருளுக்கு இன்றியமையாதது. 1800-இல் அவர் வழுக்கி விழுந்து தோள்மூட்டு நழுவியது. ஜான் தாமஸ் என்னும் மிஷனரி முன்பு கப்பல் மருத்துவராக இருந்தவர். அவர் அம்மூட்டைச் சரியாகப் பொருத்திவிட்டார். நட்பு அங்கே தொடங்கியது. அவ்வாண்டு டிசம்பர் 28-ஆம் நாள் கிருஷ்ண பால் ஹூக்ளி ஆற்றில் திருமுழுக்குப் பெற்றார். 1803-இல் அவர் மகளை, புதிதாகத் திருச்சபையில் சேர்ந்த பிராமண இளைஞர் ஒருவர் மணந்தார். சாதியை உள்ளே விடுவதில்லை என்று தொடக்கத்திலேயே அவர்கள் உறுதி பூண்டனர். தமிழ்நாட்டின் பல பழைய ஆலயங்களில் சாதிக்கொரு பக்கம் உட்கார்ந்த கதையை நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம், ஒப்பிட்டுக்கொள்க.

1818-இல் கேரியும், நெசவுத்தொழிலில் இருந்து பள்ளியாசிரியரான மார்ஷ்மனும், அச்சுத்தொழிலாளரான வார்டும் சேர்ந்து செராம்பூர்க் கல்லூரியைத் தொடங்கினர். தொடங்குமுன் வெளியிட்ட அறிக்கையில், கீழைநாட்டு இலக்கியத்தையும் ஐரோப்பிய அறிவியலையும் இளைஞருக்குப் பயிற்றுவதே நோக்கம் என்று வெளிப்படையாகக் கூறினர். கிறித்தவர்க்கு மட்டும் என்று கதவை அடைக்கவில்லை. 37 மாணவருடன் தொடங்கிய அக்கல்லூரியில் இறையியலும் வானியலும் சமஸ்கிருதமும் வேதியியலும் ஒன்றாகவே இடம்பெற்றன. வேதியியல் கற்பிக்க ஜான் மாக் என்பவர் 1821-இல் வந்தார். அவரும் பாப்டிஸ்டுத் திருப்பணியாளரே. அவர் எழுதிய வேதியியல் நூல் 1834-இல் ஆங்கிலமும் வங்காளியுமாக வெளிவந்தது. வங்காளியில் அச்சான முதல் வேதியியல் நூல் அதுவே என்பர். அறிவியலைத் தாய்மொழியில் சொல்ல முடியாது என்று இன்றும் வாதிடுவோர், போதகராக வந்த ஒருவர் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அதனைச் செய்து காட்டியதை எண்ணிப் பார்க்கட்டும். 1827-இல் டென்மார்க்கு அரசர் பட்டம் வழங்கும் உரிமையை அக்கல்லூரிக்கு அளித்தார்.

பின்னர் என்ன ஆயிற்று? கலை, அறிவியல் வகுப்புகள் ஒரு பக்கமும் போதகர் வகுப்பு மறுபக்கமுமாகப் பிரிந்தன. கல்லூரி 1857-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. பழைய உரிமைப் பத்திரத்தின்கீழ் முதல் இறையியல் பட்டங்கள் 1915-இல்தான் வழங்கப்பட்டன. 1918-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த செராம்பூர் ஆட்சிக்குழுவே நாட்டின் பல இறையியல் கல்லூரிகளுக்கு இன்றும் பி.டி. பட்டம் வழங்கி வருகிறது. பட்டத்தின் பெயரில் செராம்பூர் இருக்கிறது. மாக் கற்பித்த வேதியியல் போதகரின் பாடத்திலிருந்து போய்விட்டது. பல துறைகள் தனித்தனியே வளர்ந்ததால் நேர்ந்த பிரிவு இது; யாரையும் குறைகூறுவதற்கில்லை.

இனி, நம் மக்களுக்கு இன்னும் அண்மையான ஒரு வரலாற்றைக் காண்போம். ஓங்கோல் அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்த ஊர். அமெரிக்கப் பாப்டிஸ்டு மிஷனைச் சேர்ந்த ஜான் கிளஃப் என்பவர் 1866-இல் அங்கு குடியேறினார். அவரிடம் திரண்டு வந்தவர்கள் மாதிகர். செருப்புத் தைத்தும் கவலைக்குத் தோற்பை தைத்தும் வாழ்ந்த, தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட மக்கள். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். நம் சேரிகளிலும் அதன் கதை வழிவழியாக வருவதுதான். பஞ்ச நிவாரணமாகக் கால்வாய் வெட்டும் வேலையை அரசு தொடங்கியது; இன்று பக்கிங்காம் கால்வாய் என்று மரக்காணம் வரை நீளும் கால்வாய் அது. வேலைக்குச் சென்ற மாதிகரை மேற்பார்வையாளர் வைதனர், அடித்தனர். கூலியைக் குறைத்துக் கொடுத்தனர். இவர்கள் கிளஃபிடம் வந்து அழுதனர்.

கிளஃப் செய்ததைக் கவனியுங்கள். அவர் போதகராகும் முன்னர் அமெரிக்காவில் நில அளவைத் தொழில் செய்தவர். சங்கிலி பிடிக்கவும் மட்டம் பார்க்கவும் அறிந்தவர். அரசு அதிகாரிகளிடம் சென்று மூன்று மைலுக்கு மேற்பட்ட கால்வாய் வேலையைத் தாமே ஒப்பந்தம் எடுத்தார். தம்மிடம் இருந்த தெலுங்குப் பிரசங்கிமாரையே மேற்பார்வையாளராக அமர்த்தினார். அவர்களுள் பெரும்பாலோர் மாதிக குலத்தவர். பகலில் அளவுகோலும் கையுமாக நின்றனர். வேலை ஓயும் நேரத்தில் மக்களிடையே உட்கார்ந்து பேசினர்.

மண்வேலையில் பொதுவாகக் கூலி எப்படிக் கணக்கிடப்படும்? தோண்டிய குழியின் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்கிக் கன அளவு காண வேண்டும். ஏழாம் வகுப்புக் கணக்குதான். அதனை அறியாதவன் நாள் முழுதும் வெட்டிவிட்டு, கணக்கர் சொன்ன காசை வாங்கிக்கொண்டு போகவேண்டும். அறிந்தவன் தன் பக்கத்தில் நின்றால், அவனை யாரும் ஏய்க்க முடியாது. நாம் கணக்கு வாத்தியாராகத் தொழில் தொடங்கியவர்கள் ஆதலால் இவ்விடத்தைச் சற்று விரித்துச் சொல்கிறோம், பொறுத்தருள்க.

இன்னொன்றும் உண்டு. உணவுக்காக மதம் மாறினர் என்ற பழி வரக்கூடாது என்பதற்காக, பஞ்ச வேலை நடந்த காலம் முழுவதும் கிளஃப் யாருக்கும் திருமுழுக்குக் கொடுக்கவில்லை. பஞ்சம் தணிந்து நிவாரணம் நின்றபின், 1878 ஜூலை 3-ஆம் நாள் குண்டலகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர் திருமுழுக்குப் பெற்றனர். திருமுழுக்குக் கொடுத்தவர் கிளஃப் அல்லர். கால்வாய்க் காலத்தில் உடனிருந்த நம்மைப் போன்ற குடியிலிருந்து வந்த போதகர்கள். எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்ல நாம் இங்கு வரவில்லை. ஒரு மக்கள் கூட்டம் ஒரு போதகரை ஏன் நம்பிற்று என்பதே நம் வினா. அவர் நன்றாகப் பேசினார் என்பது மட்டும் காரணமாக இருக்க முடியாது.

இப்பொழுது தமிழ்நாட்டிற்குள்ளேயே வருவோம். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையை நீங்கள் அறிவீர்கள். அங்கு ஜெஸ்ஸி பிராண்டு என்னும் ஸ்டிரிக்டு பாப்டிஸ்டு மிஷனரி, துணைவியார் எவெலினுடன் 1913-இல் ஏறிச் சென்றார். அவர் மருத்துவப் பட்டதாரி அல்லர். ஆனால் மிஷன் பணிக்குப் புறப்படுவோருக்கு மருத்துவம் கற்பித்த லண்டன் லிவிங்ஸ்டன் கல்லூரியில் ஓராண்டு பயின்றிருந்தார். அந்த ஓராண்டுப் படிப்பு மலைமக்களுக்கு என்ன செய்தது என்பதற்கு நரம்புச் சிலந்தி நோயே சான்று.

இன்றைய பிள்ளைகள் நரம்புச் சிலந்தியைக் கண்டதில்லை, அது நற்பேறு. அது ஒரு புழு. பெண் புழு நூல்போல் ஏறத்தாழ ஒரு மீட்டர் வரை வளரும். ‘சைக்ளாப்ஸ்’ என்னும் மிகச் சிறிய நீர்ப்பூச்சிக்குள் இதன் குஞ்சுகள் இருக்கும். அந்நீரை ஒருவர் குடித்தால் ஓராண்டு வரை ஒன்றும் தெரியாது. பின்பு காலில் கொப்புளம் எழுந்து, நெருப்பாய் எரியும். எரிச்சல் தாளாமல் அவர் காலை நீரில் வைப்பார். உடனே புழு ஆயிரமாயிரம் குஞ்சுகளை நீரில் கக்கும். அடுத்து வருபவர் அந்நீரைக் குடிப்பார். படியிறங்கி, முழங்கால் நீரில் நின்று குடத்தை முக்கும் கிணறும் குளமும் இருக்கும்வரை இச்சுழற்சி ஓயாது. மந்திரித்தாலும் ஓயாது, மருந்து கொடுத்தாலும் ஓயாது. நோயைக் கொல்லும் மருந்து அதற்கு இல்லை. ஆனால் சுழற்சியை எங்கே அறுப்பது என்று அறிந்தால் ஒரு காசு மருந்தின்றியே ஒழிக்கலாம். ஜெஸ்ஸி பிராண்டு அதனை அறிந்திருந்தார். நீருக்குள் எவரும் இறங்கலாகாது என்றார். கிணற்றைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பி, வாளியில் கயிறு கட்டி இறைக்கச் செய்தார். ஒரு போதகர் ஊரூராய்ச் சென்று சுவர் கட்டச் சொன்னது அம்மலை மக்களுக்கு முதலில் வியப்பாகத்தான் இருந்திருக்கும்.

பொதுக்கிணற்றில் நீர் எடுக்க விடாமல் குட்டையிலும் ஓடையிலும் இறங்கி முகந்து குடிக்கும்படி விதிக்கப்பட்டவர்கள் நாம். இந்நோய் யார் காலைத் தேடிவரும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? தீண்டாமை என்பது மனத்தைப் புண்படுத்துவது மட்டுமன்று. புழுவாகவும் பேதியாகவும் உடம்புக்குள் புகுவது. இந்த இணைப்பைக் காணும் கண், நூலறிவோடு நீரறிவும் உடைய போதகருக்கே வாய்க்கும். இந்தியாவில் இந்நோய் கடைசியாகக் காணப்பட்டது 1996-இல். 2000-ஆம் ஆண்டில் நாடு இதிலிருந்து விடுபட்டதாக உலக நலவாழ்வு நிறுவனம் சான்றளித்தது. மருந்து இல்லாமலே, நீரைக் காத்தே இது முடிந்தது.

1918-19 இன்புளூயன்சா காலத்தில் பிராண்டு தம்பதியர் பெரிய கொப்பரையில் கஞ்சி காய்ச்சி, எழ முடியாதவர் வீடுகளுக்குச் சுமந்து சென்றனர். ஜெஸ்ஸி 1929-இல் அம்மலையிலேயே காய்ச்சலால் இறந்தார். அவர் மகன் பால் பிராண்டே வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை அறுவையால் நிமிர்த்தியவர். தொழுநோயில் விரல் தானே அழுகி விழுவதில்லை, வலி உணர்வு அற்றுப்போவதால் காயமும் தீப்புண்ணும் தெரியாமல் தேய்கிறது என்று தெளிவுறுத்தியவரும் அவரே.

தொழுநோய் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. லேவியராகமம் 13, 14-ஆம் அதிகாரங்களில் ‘குஷ்டம்’ என்று மொழிபெயர்த்திருப்பது மனிதர் தோலில் மட்டுமன்றி, துணியிலும் வீட்டுச் சுவரிலும் வருவதாகச் சொல்லப்பட்டிருக்கிறது. சுவருக்குத் தொழுநோய் வருமா? ஆகவே அச்சொல் பலவகைத் தோல் நோய்களையும் பூஞ்சணத்தையும் சேர்த்துக் குறித்தது என்று அறிஞர் விளக்குவர். பழைய ஏற்பாட்டு வகுப்பிலேயே ஆசிரியர் இதனைச் சொல்லி, ஹான்சன் 1873-இல் கண்ட கிருமியைச் சொல்லி, ஆறு மாதமோ ஓராண்டோ இலவச மருந்தில் அந்நோய் தீர்வதைச் சொல்லிவிட்டால் போதும். அறிவியலுக்கென்று தனித்தாள், தனித்தேர்வு வேண்டுவதில்லை. தனித்தாளாக வைத்தால் மாணவர் உருப்போட்டு எழுதிவிட்டு மறந்துவிடுவர்; முப்பதாண்டு ஆசிரியத் தொழிலில் நாம் கண்டது அது. 2014-இல் அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகம், கறுப்பின மக்களின் ஹோவர்டு பல்கலைக்கழக இறையியல் பள்ளி உட்படப் பத்து இறையியல் கல்லூரிகளைத் தெரிந்தெடுத்துச் செய்த முயற்சியும் இவ்வாறே அமைந்தது. ஏற்கெனவே உள்ள பாடங்களுக்குள் அறிவியலைப் பின்னுவதே அதன் முறை.

பெற்றோர் சிலர் அஞ்சுகின்றனர். அறிவியல் படித்தால் பிள்ளைக்கு விசுவாசம் போய்விடாதா? படைப்பும் பரிணாமமும் மோதாதா? இவ்வச்சத்தை நகைத்துத் தள்ளுவது முறையன்று. அமெரிக்காவில் இதே பாப்டிஸ்டுகளுக்குள்ளேயே இது பெரும்போராக மூண்டது. மின்னியாபொலிஸ் நகரத்துப் பாப்டிஸ்டுப் போதகர் ரைலி என்பவர் பரிணாமக் கல்வியை எதிர்த்து நாடெங்கும் இயக்கம் நடத்தினார். 1925-இல் டென்னசியில் ஸ்கோப்ஸ் என்னும் பள்ளி ஆசிரியர்மீது வழக்கே நடந்தது. அதே ஆண்டில் வட கரோலினாவில் அத்தகைய தடைத் தீர்மானம் சட்டமன்றத்துக்கு வந்தபோது தோற்றது. தோற்றதற்கு முதன்மைக் காரணருள் ஒருவர், வேக் ஃபாரஸ்டு என்னும் பாப்டிஸ்டுக் கல்லூரியின் தலைவர் வில்லியம் போட்டீட். அவர் உயிரியல் ஆசிரியர். பரிணாமத்தை வகுப்பில் கற்பித்தவர். ஞாயிறுதோறும் ஆலயத்தில் முன்வரிசையில் நின்ற விசுவாசி. ஒரே சபைக்குள் இருவகையினரும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். ஆகவே பாப்டிஸ்டு என்றாலே அறிவியலுக்குப் பகை என்பதும் பொய். எல்லாரும் நட்பு என்பதும் பொய்.

போட்டீட்டைப் புகழ்ந்ததோடு நிறுத்தினால் அது பாதி உண்மையே ஆகும். அவர் காலத்து அறிவாளர் பலரைப் போலவே அவரும், ‘நல்ல பிறப்பு’, ‘தாழ்ந்த பிறப்பு’ என்று மனிதரைப் பிரித்து இனத்தைச் சீராக்கலாம் என்னும் கொள்கையை ஆதரித்தார். அறிவியலின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்த சாதி அது. நம் நாட்டிலும் ரிஸ்லி என்னும் ஆங்கில அதிகாரி மக்களின் மூக்கை அளந்து, மூக்கின் அகலத்தைக் கொண்டு சாதி உயர்வு தாழ்வுக்குச் சான்று தேடினார். டாக்டர் அம்பேத்கர் என்ன செய்தார்? ‘இது வெள்ளைக்காரன் கணக்கு’ என்று வீசி எறியவில்லை. 1948-இல் தீண்டப்படாதார் பற்றி எழுதிய நூலில் அத்தகைய அளவுகளையே எடுத்து வைத்து, அவற்றின்படியே பிராமணரும் தீண்டப்படாதாரும் ஒரே இனத்தவர் என்று காட்டினார். பொய் அறிவியலை மெய் அறிவியலால் வெல்லும் முறை அது. நம் போதகர்களுக்கு வேண்டுவது இந்தப் பயிற்சி. படித்தவன் சொன்னான் என்று நம்புவதும் அறியாமை. அறிவியலே வேண்டாம் என்பதும் அறியாமை.

தீட்டு என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டால் ஏதோ ஒன்று ஒட்டிக்கொள்கிறது என்பது இயற்கையைப் பற்றிய ஒரு கூற்று; ஆதலால் சோதித்துப் பார்க்கத் தக்கது. அரசு இரத்த வங்கியில் இருக்கும் பைமீது ‘ஏ’, ‘பி’, ‘ஏபி’, ‘ஓ’ என்று எழுதியிருக்கும். தெருவின் பெயர் எழுதியிருக்காது. விபத்தில் அடிபட்ட மேல்தெருக்காரர் நம் பையன் கொடுத்த இரத்தத்தால் பிழைத்து எழுந்து, வீடு திரும்பியபின் அதே பையனுக்குத் தனிக்குவளையில் தேநீர் கொடுப்பதை நாம் நம் வட்டாரத்திலேயே கண்டிருக்கிறோம். எல்லாரும் ஒரே தந்தையின் மக்கள் என்று போதகர் பிரசங்கிக்கும்போது, அந்தப் பையின்மீது எழுதியிருப்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். கேட்கும் இளைஞன் நிமிர்ந்து உட்காருவான்.

கொரோனாக் காலத்தை மறந்திருக்க மாட்டீர்கள். 2021-இல் தடுப்பூசி வந்தபோது நம் தெருக்களில் என்னென்ன வதந்திகள்! போட்டால் பிள்ளை பிறக்காது என்றனர். இரண்டே ஆண்டில் இறப்பர் என்றனர். சுகாதார செவிலியர் மூன்று நாள் வந்து திரும்பிப் போன ஒரு தெருவில், போதகர் தம் மனைவியையும் வயதான தாயையும் அழைத்துவந்து ஆலய வாசலில் நாற்காலி போட்டு முதலில் தாம் ஊசி போட்டுக்கொண்டார். அன்று மாலைக்குள் செவிலியர் கொண்டுவந்த மருந்து தீர்ந்தது. அவர் இளங்கலையில் தாவரவியல் படித்தவர் என்பதைப் பின்னர் அறிந்தோம்.

ஆகையால் குழுவின் முன் நாம் வைக்கும் கோரிக்கை இது. அவ்விரு இளைஞருக்கும் உதவித்தொகை வழங்குக. வழங்கும்போது, ஒவ்வோர் ஆண்டும் கோடை விடுமுறையில் மூன்று வாரம் அவர்கள் கழகத்துக்குத் தரவேண்டும் என்று எழுதி வாங்குக. முதல் வாரம் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இருக்கட்டும். காசநோயாளி ஆறு மாத மாத்திரையை இடையில் நிறுத்தினால் என்ன நேரும், பேதிக்கு உப்பு சர்க்கரைக் கரைசலை எந்த அளவில் கலப்பது, பாம்பு தீண்டியவரை நடக்க விடாமல் எப்படித் தூக்கிச் செல்வது என்பவற்றைச் செவிலியரிடம் கேட்டறியட்டும். மனநோயை மனநோய் என்று கண்டுகொள்ளவும் அங்கேயே பழகலாம். பேய் பிடித்தவள் என்று சங்கிலியிடப்பட்ட பெண்கள் இன்னும் உளர். மற்ற இரண்டு வாரம் நம் மாலைநேரப் பயிற்சி மையத்தில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக் கொடுக்கட்டும். கற்பிப்பவனே நன்றாகக் கற்பான். அவர்களுக்கு வழிகாட்ட அறிவியல் ஆசிரியர் மூவர் இசைந்துள்ளனர். ஊதியம் வேண்டாம் என்றும் கூறிவிட்டனர்.

கல்லூரி முதல்வருக்குக் கழகத்தின் பெயரால் ஒரு மடலும் எழுதலாம். அவர்கள் பாடத்திட்டத்தை மாற்றும் உரிமை நமக்கு இல்லை; நம் மாணவர் விடுமுறையில் செய்யும் இப்பணியைக் களப்பயிற்சியாக ஏற்குமாறு கேட்க மட்டும் நமக்கு உரிமை உண்டு. மடலின் வரைவு செயலாளரிடம் உள்ளது. அடுத்த பொதுக்குழுவுக்கு முன் உறுப்பினர்கள் படித்துப் பார்த்துத் திருத்தம் கூறலாம். இரத்த வகை அறியாத இளைஞர்கள், வாயிற்புறம் அமர்ந்திருக்கும் செவிலியரிடம் உணவு இடைவேளைக்குள் சோதித்துக்கொள்ளும்படி விழாக் குழுவினர் அறிவிக்கச் சொன்னார்கள்.